ஒரு வாக்குச்சீட்டு கொக்குவில் வந்த பாதை

2024 நவம்பர் 14 ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலில், யாழ்ப்பாணத்தின் கொக்குவிலில் வாக்காளர்கள் கையில் வாங்கிய சீட்டில் ஒரு வேட்பாளரின் பெயரும் இருக்கவில்லை. இருந்தவை கட்சிகளின் பெயர்களும் சுயேச்சைக் குழுக்களின் எண்களும்தான், சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில். பக்கத்தில் சின்னம். அதற்கு அப்பால் புள்ளடி போட ஒரு வெறுங்கட்டம். அடியில் 1 முதல் 9 வரை இலக்கங்கள், விருப்பு வாக்குக்காக. மேலிருந்து கீழே எண்ணிப் பார்த்தால் 44 வரிசைகள்.

அந்தச் சீட்டை வாங்கி, மறைப்புக்குள் போய், ஒரு நிமிடத்தில் மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு எல்லோரும் வீடு திரும்பினோம். அந்த ஒரு நிமிடத்துக்கு முன்னும் பின்னும் சீட்டுக்கு நீண்ட வாழ்வு இருக்கிறது. அது எங்கே பிறக்கிறது, யார் யார் கைவழியே வருகிறது, எங்கே போய் முடிகிறது என்ற கதையை ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். சீட்டின் ஒவ்வொரு நகர்வையும் சட்டம் கண்ணில் எண்ணெய் விட்டுக் காக்கிறது. ஆனால் அந்தச் சீட்டில் எந்தக் கட்டத்தில் புள்ளடி விழ வேண்டும் என்று நம்மைத் தேடி வரும் பணத்தின் நகர்வை 2023 வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எவரும் காக்கவில்லை. இரண்டு பயணங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் தேர்தல் என்பது முழுமையாக விளங்கும்.

பொரளையில் பிறப்பு

இலங்கையின் வாக்குச்சீட்டுகள் கொழும்பு, பொரளையில் உள்ள அரசாங்க அச்சகத்தில் பிறக்கின்றன. 22 தேர்தல் மாவட்டங்களுக்கும் தனித்தனிச் சீட்டு. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் என்றால் யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்தது. 2024 இல் அங்கே பதிவான வாக்காளர்கள் 593,187 பேர். தெரிவாக வேண்டியவர்கள் ஆறு பேர். அந்த ஆறு இடத்துக்கு 23 கட்சிகளும் 21 சுயேச்சைக் குழுக்களும் பட்டியல் கொடுத்தன. ஆசன எண்ணிக்கையோடு மூன்றைக் கூட்டி ஒவ்வொரு பட்டியலிலும் ஒன்பது பேர் நிற்க வேண்டும் என்பது விதி. ஆகவே களத்தில் நின்றவர்கள் 396 பேர்.

சீட்டு இவ்வளவு நீளமாவதற்குக் கட்டுப்பணமும் ஒரு காரணம். சுயேச்சைக் குழுவுக்கு வேட்பாளர் ஒருவருக்கு 2,000 ரூபா. ஒன்பது பேருக்கும் சேர்த்து 18,000 ரூபா கட்டினால் சீட்டில் ஒரு வரிசை கிடைத்துவிடும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு அந்தச் செலவும் இல்லை. ஏழையும் போட்டியிட வழி திறந்திருப்பது நல்லதுதான். ஆனால் அந்த வழி வாக்குகளைச் சிதறடிக்கவும் பயன்படுகிறது. ஜனாதிபதித் தேர்தலிலும் இதே கதை. 2019 இல் 35 பேர் போட்டியிட்டதால் சீட்டு 26 அங்குலம் நீண்டது. 2024 செப்டெம்பரில் அது 27 அங்குலமானது.

அச்சாகும் ஒவ்வொரு சீட்டுக்கும் தொடர் இலக்கம் உண்டு, அடிக்கட்டை உண்டு. பொலிஸ் காவலுக்கு நடுவில்தான் அச்சடிப்பு. பிழையாக விழுந்த தாளுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். காசுத்தாளுக்கு அடுத்தபடி அரசு இவ்வளவு பத்திரமாக அச்சிடும் தாள் வேறெதுவும் இருக்குமா என்பது சந்தேகம்.

சில வேளைகளில் சீட்டு பிறப்பதே இல்லை. 2023 மார்ச் 9 இல் நடக்க இருந்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டு, கட்சிகள் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நல்லூர்ப் பிரதேச சபைக்கும் அது தேர்தல் காலம். அப்போது திறைசேரியிலிருந்து பணம் வரவில்லை. பணம் தராமல் அச்சிட முடியாது என்று அச்சகம் சொல்லிவிட்டது. தேர்தல் நின்றுபோனது. பெட்டியை எவரும் பறிக்கவில்லை, வாக்காளரை எவரும் மிரட்டவில்லை. தாளும் மையும் கிடைக்காமல் செய்ததே போதுமாக இருந்தது. இதனால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22 இல் தீர்ப்பளித்தது. அந்தத் தேர்தல் கடைசியில் 2025 மே 6 ஆம் திகதிதான் நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஊர்ச் சபைகள் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் கிடந்தன. தெருவிளக்கு, வாய்க்கால், குப்பை என்று நாளாந்தம் முறையிட வேண்டியவற்றை முறையிட ஆளில்லாமற் போனது.

சீட்டின் முன்னோர்

அரசாங்கமே வாக்குச்சீட்டை அச்சிட வேண்டும் என்பது இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. எப்போதும் அப்படி இருக்கவில்லை. அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சீட்டை அச்சிட்டுக் கொடுத்தவை கட்சிகள். தன் வேட்பாளர்களின் பெயர்களை மட்டும் நிறத்தாளில் அச்சடித்து, வாக்களிக்க வருபவர் கையில் கட்சிக்காரர் திணிப்பார். அதை அவர் பெட்டியில் போடுவதைத் தூரத்தில் நின்றே பார்த்துவிடலாம். முதலாளி பார்ப்பார், கடன் கொடுத்தவர் பார்ப்பார், வாக்கை விலைக்கு வாங்கியவர் பார்ப்பார். விலைக்கு வாங்கிய வாக்குச் சரியாக விழுந்ததா என்று தெரிந்துகொள்ள முடிந்த வரையில் அந்தச் சந்தை நடந்தது.

1856 இல் அவுஸ்திரேலியாவின் விக்ரோரியாவில் அரசே ஒரே மாதிரியான சீட்டை அச்சிட்டு, மறைவில் அடையாளமிடச் செய்யும் முறை வந்தது. பிரித்தானியா 1872 இல் இரகசிய வாக்களிப்பைச் சட்டமாக்கியது. அமெரிக்க மாநிலங்களில் மசச்சூசெற்ஸ் 1888 இல் அதைப் பின்பற்றியது. கொக்குவிலில் மறைப்புக்குள் நின்று புள்ளடி போடும்போது நமக்குக் கிடைக்கும் தனிமை அந்தச் சீர்திருத்தத்தின் பயன்.

இலங்கைக்கு எல்லோருக்குமான வாக்குரிமை 1931 இல் டொனமூர் அரசியலமைப்போடு வந்தது. 21 வயதான ஆணும் பெண்ணும் வாக்களிக்கலாம். படிப்பும் சொத்தும் கேட்கப்படவில்லை. வாசிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம் கொடுக்கப்பட்டு, அந்த நிறத்தில் தனிப்பெட்டி வைக்கப்பட்டது. பின்னாளில் ஒரே பெட்டியும் சீட்டில் அச்சிட்ட சின்னங்களும் வந்தன. வயதெல்லை 1959 இல் 18 ஆனது.

ஆனால் அந்த முதல் தேர்தலில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு வாக்கும் விழவில்லை. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், டொனமூர் திட்டம் சுயராஜ்யம் தரவில்லை என்று தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை. அந்த ஆசனங்கள் 1934 இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை வெறுமையாக இருந்தன. வாலிபர் காங்கிரசின் முன்னணியில் நின்றவர் ஹன்டி பேரின்பநாயகம். அதே பேரின்பநாயகம் 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தார். அதற்கு முன் 1947 இல் வட்டுக்கோட்டையில் அவரே வேட்பாளராகவும் நின்று தோற்றார். சீட்டை மறுக்கச் சொன்னவர், சீட்டில் நின்றவர், பிள்ளைகளுக்குக் குடியியல் கற்பித்த பள்ளியின் தலைவர் என்று ஒரே மனிதரின் வாழ்க்கைக்குள் நம் வாக்குரிமையின் மூன்று அத்தியாயங்கள் அடங்கியிருக்கின்றன. அவர் புறக்கணித்தது அந்நிய ஆட்சி அளந்து கொடுத்த அரைகுறை அதிகாரத்தை. மக்களின் உரிமையை அவர் மறுக்கவில்லை. பின்னாளில் புறக்கணிப்பு என்ற சொல் நம்மிடையே எழுந்தபோதெல்லாம் இந்த வேறுபாட்டை நாம் போதிய அளவு நினைக்கவில்லை.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. எல்லோருக்கும் வாக்கு என்பதை சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெருந்தலைவர்களே எதிர்த்தார்கள். கோயில் வாசலும் கிணற்றடியும் தேநீர்க்கடை வாங்கும் சாதிக்கு ஏற்ப வேறுபட்டிருந்த யாழ்ப்பாணத்தில், ஒரே அளவும் ஒரே பெறுமதியும் கொண்டு எல்லார் கைக்கும் வந்த முதற் பொருள்களுள் வாக்குச்சீட்டும் ஒன்று. காணிக்காரருக்கும் கூலிக்கும், சுருட்டு முதலாளிக்கும் அவருடைய கொட்டிலில் புகையிலை சுற்றியவருக்கும் ஒன்றே ஒன்றுதான். இந்தச் சமத்துவத்தை எந்த ஊர்ப் பெரியவரும் நமக்குத் தரவில்லை. அதற்காகவே அந்தத் தாளை நான் மதிக்கிறேன்.

சின்னங்களுக்கும் வம்சக் கதை உண்டு. சைக்கிள் 1944 இல் ஜீ. ஜீ. பொன்னம்பலம் தொடங்கிய தமிழ்க் காங்கிரசினுடையது. வீடு 1949 டிசம்பரில் எஸ். ஜே. வி. செல்வநாயகம் தொடங்கிய தமிழரசுக் கட்சியினுடையது. இந்த இரண்டும் வேறு வேறு கட்டங்களாகப் பிரிந்ததற்கு மலையகத் தமிழரின் சீட்டுப் பறிக்கப்பட்டது ஒரு முக்கிய காரணம். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. அந்த அநீதி நடந்தபோது அரசோடு நிற்பதா, எதிர்ப்பதா என்ற கேள்வியில் ஒரு கட்சி இரண்டானது. இன்றும் கொக்குவில் வாக்காளர் சைக்கிளுக்கும் வீட்டுக்கும் நடுவில் கையை நிறுத்தி யோசிக்கும்போது அந்தப் பழைய பிளவு அவர் முன்னே விரிந்து கிடக்கிறது.

வடக்கு நோக்கி

அச்சான சீட்டுகள் பொதியாகி, முத்திரையிடப்பட்டு, பொலிஸ் காவலோடு ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் வடக்கே வருகின்றன. யாழ்ப்பாணத்தில் அவற்றைப் பொறுப்பேற்பவர் தெரிவத்தாட்சி அலுவலராகிய அரசாங்க அதிபர். அண்மைக் காலத் தேர்தல்களில் பெட்டிகள் விநியோகமாகும் இடமும் திரும்பி வந்து வாக்கெண்ணும் இடமும் யாழ் மத்திய கல்லூரி. தேர்தலுக்கு முதல்நாள் காலையில் அங்கே வரிசையாகப் பேருந்துகள் நிற்கும். ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்துக்கும் ஒரு சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலர். பெட்டியையும் சீட்டுக் கட்டுகளையும் மைப்போத்தலையும் முத்திரையையும் எண்ணி, கையெழுத்து வைத்து வாங்கிக்கொண்டு புறப்படுவார். காவலுக்குப் பொலிசார் கூடவே ஏறுவார்கள்.

மத்திய கல்லூரிக்கு அருகே யாழ் பொது நூலகம் நிற்கிறது. அதைக் கடந்து போகும் வாக்குப்பெட்டி எதுவும் 1981 ஐக் கடக்காமல் போக முடியாது. அந்த ஆண்டு ஜூன் 4 இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். மே 31 அன்று நாச்சிமார் கோயிலடியில், கொக்குவிலுக்குப் போகும் காங்கேசன்துறை வீதியை அண்டிய இடத்தில், தமிழர் விடுதலைக் கூட்டணியின் பிரசாரக் கூட்டம் நடந்தது. அங்கே பொலிசார் சுடப்பட்டனர். அன்றிரவு தொடங்கிய தீவைப்பில் கடைகள், யாழ்ப்பாணப் பாராளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடு, கூட்டணி அலுவலகம், அடுத்து 97,000 நூல்களோடு நூலகம் என்று எல்லாம் எரிந்தன. சாம்பல் ஆறுவதற்குள் தேர்தலையும் நடத்தினார்கள். அனுபவமுள்ள அலுவலர்கள் கடைசி நேரத்தில் மாற்றப்பட்டு, கொழும்பிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். சில வாக்குப்பெட்டிகள் எண்ணும் இடத்துக்கு வந்துசேரவே இல்லை. அப்படியிருந்தும் பத்து ஆசனங்களையும் கூட்டணியே வென்றது. ஆனால் பெட்டி காணாமற்போகும் என்று கண்ட இளைஞர் தலைமுறை ஒன்று, அதன் பிறகு பெட்டியை நம்பவில்லை.

அதற்குப் பிந்திய காலம் சீட்டு வந்தும் புள்ளடி விழாத காலம். 1994 பொதுத் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் வாக்களித்தோர் 2.34 சதவீதம். 10,744 வாக்குகளோடு ஒரு சுயேச்சைக் குழு ஒன்பது ஆசனங்களை எடுத்தது. 2005 ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிப்பு 1.2 சதவீதத்தைச் சுற்றி நின்றது. நாடு முழுவதிலும் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையில் இருந்த வித்தியாசம் ஒரு இலட்சத்து எண்பதாயிரம் அளவு வாக்குகள். யாழ் மாவட்டத்தில் ஏழு இலட்சம் பேர் இடாப்பில் இருந்தார்கள். விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பு அழைப்பும் அச்சமும் சேர்ந்து அந்தச் சீட்டுகளைக் கட்டுக்குள்ளேயே வைத்தன. போடாத வாக்கும் ஓர் ஆட்சியைத் தீர்மானிக்கும் என்பதை அந்த ஆண்டு நமக்குக் கற்பித்தது. கற்ற பாடத்துக்கு நாம் கொடுத்த விலை போர் முடிந்த 2009 வரை நீண்டது.

இடம்பெயர்வும் புலம்பெயர்வும் சீட்டின் எண்ணிக்கையைக் குறைத்தன. ஆசனங்கள் பதிவு செய்த வாக்காளர் தொகையைக் கொண்டு பங்கிடப்படுகின்றன. 1989 இல் 11 ஆக இருந்த யாழ்ப்பாண ஆசனங்கள் 2010 இல் 9, 2015 இல் 7, 2024 இல் 6. விமானம் ஏறிய ஒவ்வொருவரும் இடாப்பிலிருந்து கழிந்தபோது, பாராளுமன்றத்தில் நம் கதிரைகளும் கழிந்தன.

கொக்குவிலில் ஒரு நாள்

சத்திரச்சந்தி, வண்ணார்பண்ணை, தட்டாதெரு என்று காங்கேசன்துறை வீதியால் வந்தால் கொக்குவிலுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. இலங்கை எங்கும் போல இங்கேயும் பள்ளிக்கூடங்களே வாக்களிப்பு நிலையங்கள். கொக்குவிலில் பள்ளிக்கூடம் என்றால் அது வெறும் கட்டடம் அல்ல. 1987 ஒக்டோபரில் இந்திய அமைதிப்படையின் நடவடிக்கைக்கு அஞ்சி மக்கள் தஞ்சம் புகுந்திருந்த கொக்குவில் இந்துக் கல்லூரியில் எறிகணைகள் விழுந்து பலர் மாண்டார்கள். உயிருக்கு அடைக்கலம் தேடி ஓடிய இடங்களுக்கே இன்று உரிமையைச் செலுத்த நடந்து போகிறோம்.

காலை ஏழு மணிக்கு முன் பெட்டியைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று கட்சிகளின் முகவர்களுக்குக் காட்டிவிட்டு முத்திரை வைப்பார்கள். வாக்காளர் அடையாள அட்டையை நீட்டியதும் அலுவலர் பெயரையும் இலக்கத்தையும் உரத்து வாசிப்பார். முகவர்கள் கேட்பதற்காகத்தான் உரத்து. இறந்தவரின் பெயரிலோ கனடாவில் இருப்பவரின் பெயரிலோ யாராவது வந்தால் அங்கேயே மறிக்கலாம். பிறகு இடாப்பில் கோடு, விரலில் அழியா மை, சீட்டின் பின்புறத்தில் உத்தியோகபூர்வ முத்திரை. முத்திரை இல்லாத சீட்டு எண்ணப்படாது. வெளியே அச்சடித்த போலிச் சீட்டைப் பெட்டியில் போடும் தந்திரத்துக்கு அது தடை.

2024 நவம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கு வாக்களிப்பு முடிந்தது. பெட்டியின் வாயை அடைத்து முத்திரை வைத்தபின் வாக்குச்சீட்டுக் கணக்கு எழுத வேண்டும். வாங்கி வந்தவை எத்தனை, கொடுத்தவை எத்தனை, பழுதானவை எத்தனை, மீதி எத்தனை. நான்கும் பொருந்த வேண்டும். ஒரு சீட்டுக் குறைந்தாலும் அலுவலர் பதில் சொல்லியாக வேண்டும். அவர்கள் இரவில் நித்திரையில்லாமல் வேலை செய்கிறார்கள். ஊரவர் அவர்களை நன்றியோடு பார்க்கப் பழக வேண்டும்.

சீட்டுக்கு முன்னே வரும் பணம்

சீட்டு ஊருக்கு வருவது தேர்தலுக்கு முதல்நாள். பணம் அதற்கு வாரக்கணக்கில் முன்பே வந்துவிடுகிறது. துண்டுப் பிரசுரமாக, ஒலிபெருக்கியாக, முகநூல் விளம்பரமாக, விளையாட்டுக் கழகத்துக்குப் பந்தாக, சனசமூக நிலையத்துக்குக் கதிரையாக, சில வேளை கடித உறைக்குள் காசாகவும். விருப்பு வாக்கு முறை 1989 தேர்தலில் அறிமுகமானபின் செலவு இன்னும் ஏறியது. வேட்பாளர் எதிர்க்கட்சியை மட்டுமல்ல, தன் பட்டியலில் உள்ள மற்றவர்களையும் வெல்ல வேண்டும். சீட்டில் பெயர் இல்லாததால் தன் இலக்கத்தை ஒவ்வொருவர் மனத்திலும் பதிக்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். ஒரே கட்சிக்காரர் ஒரே ஒழுங்கையில் வேறு வேறு துண்டுப் பிரசுரத்தோடு நுழைவதன் காரணம் இதுதான்.

பழைய தொகுதிமுறையில், 1946 ஆம் ஆண்டின் தேர்தல் கட்டளைப்படி, வேட்பாளர் செலவுக்கு உச்சவரம்பு இருந்தது. விகிதாசார முறைக்கு மாறி 1981 இல் புதிய சட்டம் எழுதியபோது அந்த வரம்பு விடுபட்டுப் போனது. அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எவ்வளவும் செலவழிக்கலாம், எங்கிருந்தும் வாங்கலாம், யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லை. ஒரு சீட்டுக்குக் கணக்குப் பிசகினால் அலுவலர் விளக்கம் கொடுக்க வேண்டிய அதே நாட்டில், கோடிக்கணக்கான ரூபாவுக்கு எவரும் விளக்கம் கொடுக்கவில்லை.

2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவினச் சட்டம் இந்த ஓட்டையை அடைக்க வந்தது. தேர்தல் ஆணைக்குழு வாக்காளர் ஒருவருக்கு இத்தனை ரூபா என்று வரம்பு வைக்கும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் அது 109 ரூபா. நாடெங்கும் 17,140,354 வாக்காளர்கள் என்பதால் ஒரு வேட்பாளருக்கு 186 கோடி ரூபாவுக்கு மேல் இடம் இருந்தது. பெயரை மறைத்துக் கொடுப்பவர், அரச நிறுவனம், வெளிநாட்டு அரசு, வெளிநாட்டில் பதிவான கம்பனி ஆகியோரிடம் பணம் வாங்கக்கூடாது. முடிவு வெளியாகி 21 நாளுக்குள் வரவும் செலவும் எழுதிக் கையளிக்க வேண்டும். அந்தக் கணக்கைப் பொதுமக்கள் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் அமெரிக்காவை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். அங்கே வோட்டர்கேற் ஊழலுக்குப் பின் 1974 இல் தேர்தல் நிதிச் சட்டம் கடுமையாக்கப்பட்டு, கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் அமைந்தது. ஆனால் 1976 இல் பக்லி எதிர் வலேயோ வழக்கில் உச்ச நீதிமன்றம், நன்கொடைக்கு வரம்பு வைக்கலாம், செலவுக்கு வரம்பு வைப்பது பேச்சுரிமையை மீறும் என்று தீர்த்தது. 2010 இல் சிற்றிசன்ஸ் யுனைற்றெட் தீர்ப்பு, கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் வேட்பாளரோடு சேராமல் தனித்து எவ்வளவும் செலவழிக்கலாம் என்று கதவைத் திறந்தது. பணம் வெள்ளமாகப் பாயும் நாடு அது. அதை நாம் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஒன்று உண்டு. ஒரு வேட்பாளருக்கு 200 டொலருக்கு மேல் கொடுத்தவரின் பெயர், தொழில், வேலை கொடுப்பவர் யார் என்பவை பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிடும். குடிமகனும் நிரந்தர வதிவிட அட்டை பெற்றவரும் மட்டுமே கொடுக்கலாம்.

கொக்குவில் பிள்ளை ஒருவர் நியூ ஜேர்சியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் அங்கே ஒரு காங்கிரஸ் வேட்பாளருக்கு 500 டொலர் கொடுத்தால் உலகமே தேடிப் பார்த்து அறியலாம். அதே பிள்ளை ஊரில் ஒரு வேட்பாளருக்கு உண்டியல் மூலம் அனுப்பினால் அவருடைய பக்கத்து வீட்டுக்கும் தெரியாது. புலம்பெயர்ந்த நம்மவர் ஊர்மேல் வைத்த பற்று உண்மையானது. பள்ளிக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவர்கள் கொடுத்ததைப் பெயர்ப்பலகை சொல்கிறது. அரசியலுக்குக் கொடுப்பதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? கொடுத்தவர் யார் என்று தெரியாத பிரதிநிதி யாருக்காகப் பேசுகிறார் என்பதும் நமக்குத் தெரியாமற் போகும்.

எண்ணும் இரவு

முத்திரையிட்ட பெட்டி அன்று மாலையே மத்திய கல்லூரிக்குத் திரும்புகிறது. முகவர்கள் முன்னிலையில் திறந்து, முதலில் சீட்டுகளின் தொகை எண்ணப்படும். பிறகு கட்சிவாரியாகப் பிரிப்பார்கள். ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய எழுத்தோ குறியோ இருந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட கட்சிக்குப் புள்ளடி இருந்தால், எங்குமே புள்ளடி இல்லாமல் இருந்தால் அந்தச் சீட்டு நிராகரிக்கப்படும்.

2024 நவம்பரில் யாழ் மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 358,079 பேர். அவற்றில் 32,767 சீட்டுகள் நிராகரிக்கப்பட்டன. பதினொன்றுக்கு ஒன்று என்ற கணக்கு. நாலாம் இடத்தில் வந்து ஓர் ஆசனம் வென்ற சுயேச்சைக் குழு 17 பெற்ற வாக்குகள் 27,855. நிராகரிக்கப்பட்டவை அதைவிட அதிகம். பொரளையில் காவல் காத்து அச்சிட்டு, நானூறு கிலோமீற்றர் பத்திரமாகக் கொண்டுவந்து, மை பூசி முத்திரை குத்திக் கொடுத்த தாள்கள் கடைசி அடியில் வீணாயின. 44 வரிசைச் சீட்டில் எப்படிப் புள்ளடி போடுவது, விருப்பு இலக்கத்தை எங்கே குறிப்பது என்று கட்சிகள் வீடுகளில் பொறுமையாகக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். பணம் தம் இலக்கத்தைப் பதிப்பதில் போனது, முறையைக் கற்பிப்பதில் போகவில்லை.

செல்லுபடியான 325,312 வாக்குகளில் தேசிய மக்கள் சக்தி 80,830 பெற்றது. கால்வாசிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் ஆறில் மூன்று ஆசனங்கள் அதற்குப் போயின. தமிழரசுக் கட்சிக்கும் தமிழ்க் காங்கிரசுக்கும் சுயேச்சைக் குழு 17 க்கும் ஒவ்வொன்று. இதில் மர்மம் ஒன்றுமில்லை. முதலாவதாக வரும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் உண்டு. ஐந்து சதவீதத்துக்குக் குறைந்த கட்சிகளின் வாக்குகள் பங்கீட்டில் சேராது. தமிழ் வாக்குகள் பல கட்டங்களில் சிதறிக் கிடந்தபோது, சேர்த்து வைத்தவருக்குச் சட்டம் கூட்டிக் கொடுத்தது. சீட்டு எவ்வளவு நீளமாகிறதோ அவ்வளவுக்குச் சிதறலின் விலையும் ஏறும்.

எண்ணி முடிந்த சீட்டுகள் மீண்டும் பொதிக்குள் முத்திரையிடப்பட்டுச் சட்டம் சொல்லும் காலம்வரை பூட்டில் இருக்கும். நீதிமன்றம் கேட்காவிட்டால் பிறகு அழிக்கப்படும். அத்தோடு சீட்டின் வாழ்வு முடிகிறது. அதன் பயன் ஐந்து ஆண்டுகளுக்கு நீள்கிறது.

நமக்குள்ள வேலை

இப்போதும் ஒரு சீட்டு அச்சிடப்படாமல் கிடக்கிறது. 2013 செப்டெம்பரில் தெரிவான வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பின் மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை. அதிகாரப் பகிர்வுக்காக இத்தனை உயிர் கொடுத்த மண்ணில், கிடைத்த சிறு அதிகாரத்துக்குரிய வாக்குச்சீட்டுக்கூட ஆண்டுக்கணக்கில் பொரளையை விட்டுப் புறப்படவில்லை. அதை அச்சிடு என்று எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் கேட்க வேண்டும். அவை கேட்காவிட்டால் அவற்றைக் கேட்க வைப்பது நம் கடமை.

அடுத்த தேர்தல் எதுவாயினும் வாக்களித்ததோடு நின்றுவிட வேண்டாம். முடிவு வந்து 21 நாள் கழியட்டும். ஊர்ச் சனசமூக நிலையத்திலிருந்து இரண்டு பேர் மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்குப் போங்கள். நம் மாவட்டத்தில் நின்றவர்களின் வரவு செலவு அறிக்கையைக் காட்டும்படி கேளுங்கள். யாரிடம் எவ்வளவு வாங்கினார்கள் என்று எழுதிக்கொண்டு வந்து வாசிகசாலைப் பலகையில் ஒட்டுங்கள். அறிக்கை கொடுக்காதவரின் பெயரையும் சேர்த்து ஒட்டுங்கள். சட்டம் அந்த உரிமையை நமக்குத் தந்துவிட்டது. அதைக் கேட்டு வாங்குவதற்குக் கொக்குவிலிலிருந்து சைக்கிளில் போனாலே போதும்.